ஸ்படைனாவின் இரண்டு முனைகள்

போன கிழமை ஒரு வட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. ரொறொன்ரோ டவுன்ரவுனில் ஓர் ஊர்வலம். வீதி மறிபட்டிருக்கிறது. பொலிஸார் சைக்கிள்களைக் குறுக்கே வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறார்கள். கீழே எங்கட ஆட்களே எழுதியிருந்தார்கள்: "இவங்களை இழுத்து ஏத்தாமல் என்னத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கிறாங்கள்?" எழுதியவர்களில் மூன்று பேரை எனக்கு நன்றாகத் தெரியும். 2009 மே 10 இரவு அவர்களோடுதான் நான் நகரத்துக்கு மேலால் உயரத்தில் போகும் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்து நின்றேன். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்து வாசியுங்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம். முதல்நாள் இரவு முள்ளிவாய்க்காலில் விழுந்த எறிகணைகளில் நூற்றுக்கணக்கானோர் செத்துப்போனார்கள் என்ற செய்தி வந்திருந்தது. யூனிவர்சிற்றி அவெனியூவில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு முன்னால், போரை நிறுத்தச் சொல்லி நாள்கணக்காக நின்று கத்திக் களைத்துப்போயிருந்தோம். அந்தப் பின்னேரம் ஆயிரக்கணக்கான சனம் ஸ்படைனா வீதிப் பக்கத்தால் நெடுஞ்சாலையில் ஏறியது. அம்மம்மாக்கள், பள்ளிப் பிள்ளைகள், தள்ளுவண்டிலில் குழந்தைகள். என் மகளுக்கு நாலு வயது. அவளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? எனக்குத் தெரிந்த எல்லோருமே அங்கேதான் நின்றார்கள்.

ஏறும் இடத்தில் தள்ளுமுள்ளு நடந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மேலே போன பிறகு பொலிஸார் எங்களுக்கு எதிரே வரிசையாக நின்றார்கள், அவ்வளவுதான். கண்ணீர்ப்புகை அடிக்கவில்லை. கூட்டத்துக்குள் குதிரைகளை விடவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களோடு கதைத்துக்கொண்டே இருந்தார்கள். லிபரல் கட்சித் தலைவராக இருந்த மைக்கல் இக்னேட்டியெஃப் தரப்பிலிருந்து, விடயத்தை நாடாளுமன்றத்தில் எழுப்புவோம் என்று வாக்குறுதி வந்தது. நள்ளிரவளவில் சனம் இறங்கியது. நான் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். அவள் நித்திரை.

அடுத்த நாள் வானொலியைத் திறக்கவே முடியவில்லை. அழைத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒன்றுதான்: பொலிஸ் ஏன் இவர்களை விட்டுவைத்தது? வேலையிடத்தில் ஒரு பெண் என்னிடம் வந்து, "குழந்தைகளைக் கேடயமாக வைத்துக்கொண்டா போனீர்கள்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. கழிவறைக்குள் போய் அழுதேன்.

நெடுஞ்சாலையில் ஏறியது சரியா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்கு முழு மனதோடு பதில் சொல்ல வராது. அம்புலன்ஸ் ஒன்று அந்தப் பக்கத்தில் மாட்டியிருந்தால்? அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் பொலிஸ் அன்றைக்குப் பொறுமையாக இருந்தது சரி என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. தடியோடு வந்திருந்தால் அந்த உயரத்தில், அந்த நெரிசலில், எத்தனை பிள்ளைகள் மிதிபட்டிருக்கும் என்று நினைத்தாலே வயிறு பிசைகிறது.

சரி, இனி அதே ஸ்படைனாவின் மேல்பக்கத்துக்குப் போவோம். கார்டினரிலிருந்து வடக்கே நடந்தால் குவீன் வீதிச் சந்தி வரும், ஒரு இருபது நிமிட நடை. பதின்மூன்று மாதம் கழித்து, 2010 ஜூன் 27 ஞாயிறு மாலை, உலகின் பெரிய பொருளாதார நாடுகளின் தலைவர்கள் கூடிய ஜி20 மாநாட்டின் கடைசி நாள், அந்தச் சந்தியில் சில நூறு பேரைப் பொலிஸ் நாலு பக்கமும் அடைத்து நிறுத்தியது. கொட்டுகிற மழையில், மணிக்கணக்காக. ஆர்ப்பாட்டக்காரர்கள் இருந்தார்கள். நாயோடு நடக்க வந்தவர்கள், கடைக்குப் போனவர்கள் என்று ஒரு சம்பந்தமும் இல்லாதவர்களும் இருந்தார்கள். யாருக்கும் வெளியே போக வழி விடவில்லை. இதற்கு ஆங்கிலத்தில் கெட்லிங் என்று பெயர் சொன்னார்கள். எங்களுக்குப் புதுச்சொல் தேவைப்படவில்லை. சுற்றிவளைப்பு என்றால் என்னவென்று ஊரிலிருந்து வந்த எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை, இங்கே யாரும் காணாமல் போகவில்லை. ஆனால் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா எழுந்துபோய் வீட்டுக் கதவைப் பூட்டினா.

முதல்நாள் சனிக்கிழமை கறுப்புடை போட்ட ஒரு கூட்டம் யங் வீதியில் கடைக் கண்ணாடிகளை உடைத்தது, பொலிஸ் கார்கள் எரிந்தன. அது உண்மை, அவர்களைப் பிடித்திருக்கத்தான் வேண்டும். ஆனால் உடைத்தவர்கள் உடுப்பை மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள், பிடிபட்டது மற்றவர்கள். அந்த வார இறுதியில் 1,100க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். கனடாவில் சமாதான காலத்தில் அவ்வளவு பேரை ஒரேயடியாகப் பிடித்தது அதுதான் முதல்முறை. ஈஸ்டர்ன் அவெனியூவில் பழைய படப்பிடிப்புக் கூடம் ஒன்றைத் தடுப்பு நிலையமாக்கிக் கூண்டுகளில் அடைத்தார்கள். பெரும்பாலானோர் மீது குற்றச்சாட்டே இல்லை, அல்லது பிறகு கைவிடப்பட்டது. சுமார் 90 பொலிஸார் தங்கள் பெயர்ப்பட்டியைக் கழற்றிவிட்டு நின்றது பின்னால் தெரியவந்தது. எனக்கு எல்லாவற்றிலும் அதுதான் அதிகம் உறுத்துகிறது. சட்டப்படி செய்கிறவருக்குப் பெயரை மறைக்க என்ன தேவை?

இரண்டு சம்பவத்திலும் ரொறொன்ரோ பொலிஸ் தலைவர் ஒரே ஆள்தான், பில் பிளேயர். அதே பொலிஸ், அதே நகரம், அதே சட்டப்புத்தகம். கார்டினரில் கதைக்கத் தெரிந்தவர்களுக்கு குவீன் சந்தியில் கதைக்கத் தெரியாமல் போனது எப்படி? என் பதில்: எங்களுக்குக் கிடைத்தது உரிமை என்று நாங்கள் நினைத்துவிட்டோம். அது அன்றைய இரவு யாரோ சில அதிகாரிகள் எடுத்த நல்ல முடிவு. நல்ல முடிவு என்பது அடுத்த தடவை மாறலாம். மாறியது.

ஜி20 காலத்தில் ஒன்ராறியோ அரசு 1939இல் போர்க்காலத்துக்கு எழுதிய பொதுக் கட்டுமானப் பாதுகாப்புச் சட்டத்தைத் தூசு தட்டி, சத்தமில்லாமல் ஒரு விதியைச் சேர்த்தது. மாநாட்டைச் சுற்றிப் போட்ட பாதுகாப்பு வேலியிலிருந்து ஐந்து மீற்றருக்குள் வந்தால் அடையாளம் காட்டவேண்டும், இல்லையேல் கைது என்று சனம் நம்பவைக்கப்பட்டது. அப்படி ஓர் ஐந்து மீற்றர் விதியே இருக்கவில்லை என்பது பிறகுதான் வெளிவந்தது. ஒன்ராறியோ குறைகேள் அதிகாரி ஆந்த்ரே மரின் அந்த டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், கனடிய வரலாற்றிலேயே குடியியல் உரிமைகள் இந்த அளவுக்குப் பறிபோனதில்லை என்ற பொருள்பட எழுதினார். சுற்றிவளைப்புக்கு உத்தரவிட்ட உயரதிகாரி 2015இல் ஒழுக்காற்று விசாரணையில் குற்றவாளியாகக் காணப்பட்டார். தண்டனை கண்டிப்பும் விடுமுறை நாள் வெட்டும். கைதானவர்களின் கூட்டு வழக்கு 2020இல் 16.5 மில்லியன் டொலரில் முடிந்தது. பத்து வருடம். அந்தப் பணமும் பொதுப் பணம்தான். "வரி கட்டுறது நாங்கள்" என்று எழுதுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

பொறுமை என்பது இங்கே உயிரைக் கொடுத்துப் படித்த பாடம், எங்களுடைய உயிர்கூட இல்லை. 1995 செப்டெம்பர் 6 இரவு, இப்பர்வாஷ் பூங்காவில் தங்கள் மூதாதையர் அடக்கம் செய்யப்பட்ட நிலத்துக்காக நின்ற பூர்வகுடி மக்களை நோக்கி ஒன்ராறியோ மாகாணப் பொலிஸ் இருட்டில் அணிவகுத்துப் போனது. டட்லி ஜோர்ஜ் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரிடம் துப்பாக்கி இருக்கவில்லை. நீதிபதி சிட்னி லிண்டனின் விசாரணை அறிக்கை 2007இல் வந்தது. அவசரப்படாதே, கதை, நேரம் எடு என்பதுதான் அதன் சாரம். அரசியல்வாதிகள் பொலிஸுக்குப் பின்னால் நின்று அந்தரப்படுத்தக் கூடாது என்பதும். மாகாணப் பொலிஸில் பேசுவதற்கென்றே தனிக் குழுக்கள் வளர்ந்தது இப்பர்வாஷுக்குப் பிறகுதான்.

"அப்படியென்றால் ஒட்டாவாவில் லொறிக்காரர்களை விட்டதும் சரியா?" என்று உடனே கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொவிட் தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்து 2022 ஜனவரிக் கடைசியில் வந்தவர்களை, நாடாளுமன்றத்துக்கு முன்னாலுள்ள வெலிங்டன் வீதிவரை லொறிகளோடு உள்ளே விட்டார்கள். அவர்கள் இலகுவில் திரும்பிப் போகமாட்டார்கள் என்று மாகாணப் பொலிஸின் உளவுக் குறிப்புகள் முன்பே சொல்லியிருந்தும், ஒரு வார இறுதியோடு முடியும் என்று ஒட்டாவாப் பொலிஸ் திட்டம் போட்டது. மூன்று கிழமை அங்கே குடியிருந்தவர்கள் இரவு பகலாக ஹோர்ன் சத்தத்துக்குள் கிடந்தார்கள். அதை நிறுத்த நீதிமன்றத் தடையுத்தரவு வாங்கியதுகூட அங்கே வசித்த ஓர் இளம்பெண். பொலிஸ் தலைவர் பீற்றர் ஸ்லோலி பதவி விலகினார். அதற்கு முதல்நாள் மத்திய அரசு 1988ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டத்தை முதன்முறையாகக் கையிலெடுத்தது, வங்கிக் கணக்குகளை முடக்கியது. அதைச் செய்ய சட்டம் கேட்கிற வரம்பு எட்டப்பட்டது என்று, அதை விசாரித்த ஆணைக்குழுவின் நீதிபதி ரூலோ தயக்கத்தோடு சொன்னார். நியாயமில்லை என்று 2024இல் சமஷ்டி நீதிமன்றம் சொன்னது.

ஒட்டாவாவில் நடந்ததற்குப் பொறுமை என்று பெயர் வைக்க என்னால் முடியாது. பொறுமைக்குத் திட்டம் வேண்டும். கூட்டத்தோடு கதைப்பவர் கொடுத்த வாக்கை மேலிடம் காப்பாற்ற வேண்டும், லொறி எங்கே நிற்கலாம் எங்கே நிற்கக்கூடாது என்று முதல்நாளே சொல்லியிருக்க வேண்டும். கார்டினரில் ஒரு முடிவை நோக்கிக் கதைத்தார்கள். ஒட்டாவாவில் யாரும் எதை நோக்கியும் கதைக்கவில்லை. அந்த நாட்களில் "இவர்கள் கறுப்பர்களாகவோ பூர்வகுடிகளாகவோ இருந்திருந்தால் முதல்நாளே அடி விழுந்திருக்கும்" என்று நிறையப் பேர் எழுதினார்கள். நானும் எழுதினேன், அது உண்மையும்கூட. ஆனால் அதற்குத் தீர்வு எல்லோருக்கும் அடி விழுவதா?

2024 மே மாதம் கல்கரிப் பல்கலைக்கழகத்தில் பலஸ்தீனத்துக்காகக் கூடாரம் போட்ட மாணவர்களை அன்றிரவே கேடயங்களோடு வந்து கலைத்தார்கள். ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தில் அதே கோரிக்கையோடு போட்ட கூடாரங்கள் இரண்டு மாதம் நின்றன. நீதிமன்றம் உத்தரவு போட்டது, மாணவர்கள் தாங்களே கழற்றிக்கொண்டு போனார்கள். கார்டினரில் என் தோளில் நித்திரை கொண்டவள் அந்த மே மாதத்தில் தோழிகளுக்குச் சோறு கொண்டுபோனாள். நான் போகாதே என்றேன். அவள், "நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போன இடத்தை விடவா அம்மா?" என்றாள்.

அதே வருடம் ஜனவரியில், ரொறொன்ரோவின் அவெனியூ றோட் பாலத்தில் நின்ற பலஸ்தீன ஆதரவு ஆர்ப்பாட்டக்காரர்களுக்கு ஒரு பொலிஸ்காரர் கோப்பி எடுத்துக் கொடுத்த காணொளி பெரிய சர்ச்சையானது. சுற்றியிருந்த யூதக் குடும்பங்களின் பயம் எனக்கு விளங்குகிறது, அந்தப் பயத்தைச் சின்னதாக்க மாட்டேன். ஆனால் அந்தக் கோப்பியை மட்டும் நான் குற்றம் சொல்லமாட்டேன். கூட்டத்தில் நிற்கிற ஒருவரை மனிதராகப் பார்த்தால் அடிக்கக் கை வராது. பிறகு 2025இல் வழிபாட்டிடங்கள், பள்ளிக்கூடங்களைச் சுற்றி 50 மீற்றருக்குள் ஆர்ப்பாட்டத்தைக் கட்டுப்படுத்தும் விதியை ரொறொன்ரோ மாநகரசபை நிறைவேற்றியது. கோயிலுக்குப் போகிறவரை யாரும் மிரட்டக்கூடாது, சரி. இந்த எல்லை நாளை துணைத் தூதரகங்களுக்கும் நீண்டால் நாங்கள் எங்கே போய் நிற்பது?

ஜி20க்குப் பிறகு நீதிபதி ஜோன் மோர்டன் கொடுத்த அறிக்கையில், பொலிஸைக் கேள்வி கேட்கவேண்டிய பொலிஸ் சேவை வாரியமே கேட்காமல் விட்டது என்று விவரமாக எழுதியிருக்கிறார். அந்த வாரியத்தின் கூட்டங்களில் பொதுமக்கள் பெயர் பதிந்து பேசலாம். பெயர்ப்பட்டி பற்றியும், கலைக்க முன் எச்சரித்து வெளியே போக ஒரு வழி விடுவது பற்றியும் நான் பேசப் பதியப்போகிறேன். ஸ்காபரோவிலிருந்து யாராவது வருவதென்றால் உள்பெட்டியில் சொல்லுங்கள், என் காரில் நாலு பேருக்கு இடம் இருக்கிறது.