ஐந்து நாள் குளிர்பெட்டியில் இருந்த ஈரல்

சென்ற வாரம் ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு. கல்லூரி முதல்வராக வருகிறவருக்கு நிர்வாகம் தெரிந்தால் போதும், ஆய்வுக்கூடத்தில் அவர் என்ன செய்தார் என்பதெல்லாம் எதற்கு என்று ஒருவர் கேட்டார். பலர் தலையாட்டினார்கள். நான் வாய் திறக்கவில்லை. தண்டையார்பேட்டைக்கு பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அந்த மௌனம் என்னை உறுத்தியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் செல்லை ஆராய்ந்த விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டூவ். பெல்ஜியத்தின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர். 1947-ல் அங்கேயே ஆசிரியரானவர். இன்சுலின் ஈரலில் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. எலியின் ஈரலைச் சர்க்கரைக் கரைசலில் மெல்ல அரைத்து, மையவிலக்கியில் சுழற்றி, பகுதி பகுதியாகப் பிரித்து, செல்லின் வேதிவினைகளை நடத்தும் நொதிகளை அளந்துகொண்டிருந்தார்கள். ஒப்பீட்டுக்காகச் சேர்த்து அளந்த ஒரு நொதி, அமில பாஸ்பேட்டேஸ், எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குதான் காட்டியது.

நம் ஆய்வுக்கூடமாக இருந்தால் கை நடுங்கியிருக்கும் என்று சொல்லிக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கியிருப்போம். அவர்கள் மாதிரியைக் குளிர்பெட்டியில் வைத்தார்கள். ஐந்து நாள் கழித்து அளந்தபோது முழு அளவும் வந்தது. நொதி எங்கும் போய்விடவில்லை. சவ்வு போர்த்திய சின்னஞ்சிறு பைகளுக்குள் அடைபட்டுக் கிடந்தது. நாள்பட்டதும் சவ்வு கெட்டு வெளியே வந்தது. செல்லின் கழிவைச் செரிக்கும் அந்தப் பைக்கு 1955-ல் லைசோசோம் என்று டி டூவ் பெயர் வைத்தார். 'தற்கொலைப் பைகள் எவை?' என்ற ஒரு மதிப்பெண் வினாவாகத்தான் நம் பிள்ளைகளுக்கு அது தெரியும். அந்த ஐந்து நாளைப் பற்றி யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

1974-ல் ஆல்பர்ட் குளோட், ஜார்ஜ் பலாடே ஆகியோரோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸில், தன் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகத்தில், செல் நோயியலுக்கென ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான் மொழிப் பூசலில் லூவேன் பல்கலைக்கழகம் டச்சு, பிரெஞ்சு என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. மொழிக்காகத் தெருவில் இறங்கிய ஊர்க்காரர்களுக்கு அந்தக் காலத்தின் சூடு புரியும். பிரிவினையின் தூசு அடங்காத இடத்தில் அவர் கட்டியது, செல்லை ஆராய்கிறவனும் நோயாளியைப் பார்க்கும் மருத்துவனும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஒரு வீடு. அந்த எண்ணம் வானத்திலிருந்து விழவில்லை. அவருடன் பணியாற்றிய ஹென்றி-ஜெரி ஹெர்ஸ், குழந்தைகளின் இதயத்தையும் தசையையும் பாழாக்கும் பாம்ப் (Pompe) நோய்க்குக் காரணம் லைசோசோமில் ஒரு நொதி இல்லாததே என்று 1963-ல் காட்டியிருந்தார். அந்த நொதியையே மருந்தாகச் செலுத்தும் சிகிச்சைக்கு 2006-ல் அனுமதி கிடைத்தது. கொட்டப்படாத ஈரலிலிருந்து ஒரு குழந்தையின் மூச்சு வரை வந்த தூரம் அது. இதைத்தான் நான் தலைமை என்கிறேன்.

டி டூவ் ஜெசுயிட் பள்ளியில் படித்தவர். பிற்காலத்தில் மதநம்பிக்கையிலிருந்து விலகினார். இருந்தாலும் அவருடைய ஆசிரிய வாழ்க்கையின் பெரும்பகுதி அந்தக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில்தான். கிறித்தவக் கல்வி நமக்கும் அந்நியமில்லை. 1837-ல் நம் ஜார்ஜ் டவுன் பக்கம் தொடங்கிய பள்ளிதான் வளர்ந்து சென்னை கிறித்தவக் கல்லூரியாகி, நூறு ஆண்டு கழித்து 1937-ல் தாம்பரத்துக்குப் போனது. கல்லூரி போன பிறகும் படிக்கும் ஆசை வடசென்னையை விட்டுப் போகவில்லை. காசிமேட்டிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுகிற பெண்களைத்தான் நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

அவர்களில் ஒருத்தியிடம் நான் தவறு செய்தேன். வெங்காய வேர் நுனியில் செல் பிரிதலைப் பார்க்கும் செய்முறை. ரெக்கார்டில் அவள் வரைந்திருந்த படம் அச்செடுத்ததுபோல் இருந்தது; நல்ல மதிப்பெண் போட்டேன். பிறகு ஒருநாள் அவளே வந்து, "மேடம், என் ஸ்லைடில் பிரிகிற செல் ஒன்றுகூடத் தெரியவில்லை. புத்தகத்தைப் பார்த்து வரைந்துவிட்டேன்" என்றாள். வேர் நுனியை எத்தனை மணிக்கு வெட்டினாய் என்று கேட்டேன். மதியம் இரண்டரை. காலையில் அம்மா மீன் விற்கப் போய்விடுவார். தண்ணீர் லாரி வரிசையில் குடத்தோடு நிற்க வேண்டியவள் இவள்தான். வெங்காய வேரில் செல் பிரிதல் மும்முரமாக நடப்பது காலையில். பிற்பகலில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவள் கண்ட வெற்று ஸ்லைடு உண்மையான முடிவு. அதை மறைத்துப் பொய்ப்படம் வரைந்தால்தான் மதிப்பெண் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நானும் நான் நடத்தும் தேர்வும்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுவாரம் ஒரு நாள் குடத்தைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு எட்டு மணிக்கு வந்தாள். அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, பிற்பகல் ஸ்லைடு, காலை ஸ்லைடு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். அவள் நுண்ணோக்கியை விட்டு எழவே இல்லை.

இதற்கு நேரம் வேண்டும். மாலை ஆறு மணி வரை பூட்டாத ஆய்வுக்கூடம் வேண்டும், மின்சாரம் நிற்காத குளிர்பெட்டி வேண்டும், எதிர்பாராத முடிவை விளக்குகிறவளுக்குச் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் வேண்டும். இவற்றுக்காகக் கையெழுத்துப் போடுகிற நாற்காலியில், தன் கையால் ஒரு முறையாவது தவறான அளவைப் பார்த்துத் திகைத்தவர் உட்கார வேண்டும். வருகைப்பதிவும் கட்டணக் கணக்கும் கற்றுக்கொள்ளக்கூடியவை. நல்ல அலுவலர் ஒருவர் துணையிருந்தால் ஓராண்டில் பிடிபட்டுவிடும்.

முதல்வரைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் இருக்கும் நண்பர்களே, நேர்காணலில் இந்த ஒன்றையும் கேளுங்கள்: கணக்குக்கு ஒத்துவராத ஒரு முடிவு வந்தபோது அதை என்ன செய்தீர்கள்?