பத்தில் ஒன்று குடுத்தாச்சு, மிச்சம் ஒன்பது?

ஆண்டவர் தந்ததற்கு நாங்கள் பொறுப்பாளர் மட்டும்தான் என்று நினைவுபடுத்துகிற உக்கிராணத்துவ ஞாயிறு என்றால் எங்கள் கிறிஸ்தவ ஆலயங்களில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். மல்கியா 3:10 வாசிப்பார்கள். பிரசங்கம் தசமபாகத்தில், அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கொடுப்பதில் தொடங்கித் தசமபாகத்திலேயே முடியும். வெளியே வரும்போது கையில் ஒரு புதுக் காணிக்கை உறை இருக்கும். இந்தமுறை ஆராதனை முடிந்து சைக்கிளை எடுக்கப் போன இடத்தில், தெரிந்த அண்ணை ஒருவர் தோளில் தட்டிச் சொன்னார்: "தம்பி, பத்தைக் குடுத்தாச்சு. மிச்சம் தொண்ணூறும் எங்கட. இனி ஆண்டவர் கேக்க மாட்டார்."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் எங்களில் கனபேர் உண்மையில் நம்புவதும் இதைத்தான் என்று எனக்குப் படுகிறது.

எங்கள் வழமைச் சட்டமான தேசவழமைப்படி யாழ்ப்பாணத்தாரின் ஆதனம் மூன்று வகை: பரம்பரையாக வரும் முதுசம், கலியாணத்தில் வரும் சீதனம், தாங்களே உழைத்துத் தேடிய தேட்டம். ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் கொண்டுவந்த வழமை இது. நாங்கள் தசமபாகம் கணக்குப் பார்ப்பது தேட்டத்தில் மட்டும், அதிலும் மாதச் சம்பளத்தில். முதுசமாக வந்த வளவையும் கிணற்றையும், சீதனமாக வந்த காணியையும் காசையும் பற்றிப் பிரசங்கபீடம் வாய் திறப்பதில்லை. லேவியராகமம் 25:23 ஐத் திறந்து பாருங்கள். தேசம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் புறக்குடிகள் என்கிறார் கர்த்தர். உறுதியில் ஆருடைய பேர் இருந்தால் என்ன, நாங்கள் குடியிருக்கிற ஆக்கள்தான்.

முதலில் கிணறு.

எங்கள் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறும் மாரியில்தான் ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்வது சுண்ணக்கல்லுக்குள்ளால் இறங்கி, கீழே இருக்கும் உவர்நீருக்கு மேலே நன்னீராகத் தங்கி நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும். துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் மனிதனின் களைப்பே ஒரு அளவாக இருந்தது. மோட்டருக்குக் களைப்பு இல்லை. என்ர கிணறு, உன்ர கிணறு என்று கட்டுத்தான் வேறு வேறு, அடியில் தண்ணீர் ஒன்று. (அந்த ஒரே தண்ணீரை அள்ள ஆர் கிணற்றுக் கட்டில் ஏறலாம், ஆர் ஏறக்கூடாது என்று சாதி பார்த்த ஊரும் இதுதான். அதை எழுதப் போனால் இந்தப் பதிவு முடியாது.)

இந்தத் தண்ணீருக்குள்தான் எங்கள் தோட்டங்களின் யூரியா நைத்திரேற்றாக மாறி இறங்குகிறது. குடிதண்ணீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவைத் தாண்டிய கிணறுகள் தோட்டப் பகுதிகளில் இருப்பதை ஆய்வுகள் பல வருடங்களாகக் காட்டி வருகின்றன. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து கூட. கிணற்றுக்குப் பக்கத்திலேயே மலக்குழி வெட்டுவதும் சேர்ந்துகொள்கிறது. சுன்னாகப் பக்கக் கிணறுகளில் மின் நிலையத்து எண்ணெய் கலந்தபோது எல்லாரும் வீதிக்கு வந்தோம். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 இல் இரண்டு கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. எண்ணெய் மணக்கும், கண்ணுக்கும் தெரியும். நைத்திரேற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, அதற்காக வீதிக்கு வர ஒருவரும் இல்லை.

அறுப்பின் பண்டிகைக்கு வெங்காயமும் மரவள்ளிக்கிழங்கும் வாழைக்குலையும் வந்து குவிகிற அழகு வேறு எங்கே வரும்! ஏலத்தில் ஒரு கட்டு முருங்கைக்காய் ஆயிரக்கணக்கில் போகும், கனடாவில் இருந்து வந்த ஆக்கள் நின்றால் இன்னும் ஏறும். எனக்கு அந்த ஏலம் நல்ல விருப்பம். ஆனால் அந்த வெங்காயத்துக்கு எவ்வளவு உரம் போட்டது, மருந்தடித்து எத்தனை நாளில் பிடுங்கியது என்று ஒருவரும் கேட்கிறதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தண்ணீரைக் கெடுத்து விளைந்ததை முதற்பலன் என்று கொண்டுபோய் வைக்கலாமா? ஏதேனில் ஆதாமை விட்டது அதைப் பண்படுத்தவும் காக்கவும் என்று ஆதியாகமம் 2:15 சொல்கிறது. பண்படுத்துவதில் எங்களை வெல்ல ஆளில்லை, கல்லுத் தரையில் செம்மண் பரப்பித் தோட்டம் செய்த சனம் நாங்கள். காப்பதுதான் வரவில்லை.

தோட்டக்காரரில் பழி போட நான் வரவில்லை. கடன்பட்டு வெங்காயம் நட்டவருக்கு விளைச்சல் குறைந்தால் என்ன ஆகும் என்று தெரியும். 2021 இல் அரசாங்கம் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிற்பாட்டியபோது சனம் பட்ட பாட்டையும் பார்த்தோம். அப்படி வெட்டி விழுத்தச் சொல்லவில்லை. ஆனால் பிரசங்கத்தில் ஒரு வசனமாவது வரக்கூடாதா?

சீதனத்துக்கு நீளமாக எழுதத் தேவையில்லை. தேசவழமையில் சீதனம் பெண்ணின் ஆதனம். இப்போது வீடு, காணி, நகைக்கு மேலே மாப்பிள்ளை வீட்டாருக்கு டொனேஷன் என்று தனியாக ஒரு தொகை போகிறது. அப்படி வாங்கிய டொனேஷனிலும் தசமபாகம் எடுத்து ஆலயத்துக்குக் கொடுத்த குடும்பம் ஒன்று இருக்கிறதாம். கேள்விப்பட்டபோது மத்தேயு 23:23 தான் ஞாபகம் வந்தது. ஒற்தலாமிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் பத்தில் ஒன்று கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களைப் பற்றி இயேசு சொன்ன இடம்.

படிப்பும் ஆதனம்தான். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தவர். மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழ் படித்து, வைத்திய நூல்களைத் தமிழாக்கி, 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1873 இல் அவர் அமெரிக்காவுக்குத் திரும்பியபோது அந்த வித்தை எங்கள் ஆக்களின் கையில் இருந்தது. மிஷன் காலத்தை நான் கொண்டாடவும் இல்லை, சைவ, கிறிஸ்தவச் சண்டைக்கு இங்கே வரவும் வேண்டாம். கேட்கிறது ஒன்றுதான். மிஷன் பள்ளிகளில் படித்து டொக்டரும் எஞ்சினியருமான நாங்கள், ரியூஷனுக்குக் காசில்லாத ஒரு பிள்ளைக்குக் கிழமையில் ஒரு மணித்தியாலம் கணக்குச் சொல்லிக் குடுக்கிறோமா?

கடைசியாகத் தேட்டம், ஆலயத்துக்குள் வந்து சேர்ந்த காசு. எருசலேம் பரிசுத்தவான்களுக்குச் சேர்த்த தர்மப்பணத்தைக் கொண்டுபோகும்போது பவுல் தனியாகப் போகவில்லை. ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு என்று சொல்லி, சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூட வைத்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:19-20). அப்போஸ்தலருக்கே அது தேவைப்பட்டது. எங்களுக்கோ வெளிநாட்டுக் காசில் கோபுரம் எழும்புகிறது, மண்டபத்துக்கு ஓடு மாறுகிறது, உபயகாரரின் பேர் கல்லில் ஏறுகிறது. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கையை வாசித்து முடிக்க முதல் தேத்தண்ணி வந்துவிடும். பொருளாளர் களவெடுத்தார் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் அவர் தன் கைக்காசையும் போட்டு ஓடித் திரியும் மனிதராகத்தான் இருப்பார். அவரைச் சந்தேகத்தில் இருந்து காப்பாற்றுவதும் சபையின் கடமை. காசு அனுப்பும் வெளிநாட்டு உறவுகளே, கல்லில் பேர் கேட்கிற நேரம் கணக்கையும் ஒருக்கால் கேளுங்கோ.

இந்த வருடப் பொதுக்கூட்டத்தில் எங்கள் சபையில் இரண்டு பிரேரணை வைக்கப்போகிறேன். ஆலயக் கிணற்றுத் தண்ணீரை வருடா வருடம் பரிசோதித்து முடிவை அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும். கணக்கறிக்கையைக் கூட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முதலே அச்சடித்து வீட்டுக்கு வீடு குடுக்க வேண்டும். முதலாவதை வழிமொழிய ஆள் இருக்கு. இரண்டாவதுக்கு இன்னும் ஆள் பிடிபடேல்லை. எங்கட சபை ஆக்கள் ஆரும் இதை வாசிச்சால் உள்பெட்டிக்கு வாங்கோ.