‘பாஸ் அவுட்’ என்றால் மயக்கம் மட்டும்தானா?

“‘2019-இல் பாஸ் அவுட் ஆனேன்’ என்றால், அந்த வருடம் மயங்கி விழுந்தேன் என்றுதான் அர்த்தம். அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே கிடையாது!” ஆங்கிலம் கற்றுத்தரும் வாட்ஸ்அப் பதிவுகளில் அடிக்கடி வரும் கிண்டல் இது. பாதிதான் சரி.

மயங்குவது என்ற பொருள் உண்மை. பொதுவாக முதலில் நினைவுக்கு வருவதும் அதுதான். ஆனால் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில், ராணுவம், காவல்துறை போன்றவற்றில் பயிற்சியை முடித்து வெளியேறுவதற்கும் ‘பாஸ் அவுட்’ என்றே பெயர். பிரிட்டிஷ் அகராதிகளிலேயே இந்தப் பொருள் இருக்கிறது. டேராடூன் ராணுவ அகாடமியிலும் நம்ம பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலும் நடப்பது ‘பாசிங் அவுட் பரேடு’. அத்தனை கேடட்டுகளும் அங்கே மயங்கியா விழுகிறார்கள்?

மூன்றாவது பொருளும் உண்டு: விநியோகிப்பது. ஆசிரியர் வினாத்தாளை வரிசையாகக் கொடுப்பதும் ‘பாஸ் அவுட்’தான். எதைக் கொடுக்கிறார்கள் என்பது வாக்கியத்தில் வந்துவிடும். அதனால் குழப்பம் வராது.

அப்படியானால் கல்லூரிக்கு? பட்டம் பெற்றதை இப்படிச் சொல்வது இந்திய ஆங்கில வழக்கு. இங்கே எல்லோருக்கும் புரியும். அமெரிக்கருக்கோ ஆங்கிலேயருக்கோ விநோதமாகப் படலாம். வெளிநாட்டு நிறுவனத்துக்கு ரெஸ்யூமே அனுப்பும்போது ‘கிராஜுவேட்டட் இன் 2019’ என்று எழுதுங்கள். அதற்காக, இங்கே ‘2019 பாஸ் அவுட்’ என்று சொல்லும் பையனைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை.