பத்துப் பேர் சேர்ந்தால்தான் ஊசியா?

தடுப்பூசி தட்டுப்பாடாக இருக்கும்போது யாருக்கு முதலில் என்று கேட்டால் வயதைப் பார் என்கிறார்கள், சர்க்கரை, பிரஷர் இருக்கிறதா பார் என்கிறார்கள். சரிதான். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதையும் பார்க்க வேண்டாமா? கொரோனா உச்சத்தில் இருந்த 2021-இல் ராமேஸ்வரத்துக்காரருக்குப் பெரிய சிகிச்சை என்றால் மதுரைதான், ஏறக்குறைய 170 கிலோமீட்டர். ராமநாதபுரத்தில் மருத்துவக் கல்லூரி திறந்ததே 2022 ஜனவரியில். ஒரே வயது, ஒரே நோய் உள்ளவர்கள் மதுரையில் ஒருவர், ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் ஒருவர் என்றால், நான் தங்கச்சிமடத்துக்காரருக்குத்தான் முதல் ஊசி போடச் சொல்வேன்.

அடுத்தது குப்பி. கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்து டோஸ். திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. எங்கள் பக்கத்து முகாம் ஒன்றில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "இன்னும் மூணு பேர் வரட்டும்மா" என்றார் சிஸ்டர். கடல்பாசி எடுக்கப் போகிற அக்கா ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "வள்ளம் போயிரும் சிஸ்டர்" என்று எழுந்து போய்விட்டார். ஒரு நாள் கூலி அவருக்கு.

சிஸ்டர் மேல் தப்பில்லை. மூன்று டோஸ் வீணானால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது அவர்தான். 2021 ஏப்ரல் 11 வரையிலான கணக்கில் தமிழ்நாட்டில் சுமார் 12 சதவீதம் வீண் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் வெளிவந்ததும், வீணாக்காதே என்ற நெருக்கடி கூடியது. கேரளத்தில் 73,38,806 டோஸ் வாங்கி 74,26,164 டோஸ் போட்டார்கள். குப்பியில் கூடுதலாக இருக்கும் சொட்டையும் செவிலியர்கள் பொறுமையாக எடுத்திருக்கிறார்கள். மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதற்குக் கூட்டம் வேண்டும். நாற்பது வீடுள்ள கடற்கரைக் குப்பத்தில் அதே அளவுகோலை வைத்தால் ஆட்களைத் திருப்பி அனுப்புவதில்தான் முடியும். வீணான டோஸுக்கு ரிஜிஸ்டர் இருக்கிறது, திரும்பிப் போன அந்த அக்காவுக்கு இல்லை.

இதைவிட எனக்கு ஆறாதது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு ஆட்கள் எல்லாரும் கரையில். 2021 மே 1 முதல் 18 வயதுக்கு மேல் எல்லாருக்கும் ஊசி என்று அறிவித்தார்கள், ஆனால் 44 வயது வரை உள்ளவர்கள் முதலில் அரசின் கோவின் இணையதளத்தில் பதிவு செய்தால்தான் உண்டு. நேரில் போய்ப் பதிய மே 24-க்குப் பிறகுதான் வழி பிறந்தது. வேகமான இணையமும் ஓடிபியும் கைவசம் இருந்தவர் முந்திக்கொண்டார். இருந்த கொஞ்ச ஊசியில் ஒரு பங்கை அந்த வாரங்களில் மண்டபம், பாம்பன், தொண்டி, ஏர்வாடி என்று இறக்கியிருந்தால் ஆள் தேடும் வேலையே இருந்திருக்காது.

ஏழை நாடுகளுக்கும் இப்படி நேரம் தவறிய கதைதான். காலாவதி நெருங்கிய ஊசிகளை அனுப்பி வைத்தார்கள். நைஜீரியா 2021 டிசம்பரில் பத்து லட்சத்துக்கும் மேல் அழிக்க வேண்டியதாயிற்று.

அடுத்த தடவை ஊருக்கு இத்தனை டோஸ் என்று ஒதுக்கிவிட்டு, பட்டியலைக் கிராம சுகாதார செவிலியர் கையில் கொடுங்கள். எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய், யார் எப்போது கரையில் இருப்பார் என்று அவருக்குத் தெரியும். ஏழு பேர் வந்தாலும் குப்பியைத் திறக்கலாம் என்று எழுத்தில் உத்தரவு கொடுங்கள். மிச்சம் மூன்றுக்கு அவரே போன் போட்டு ஆள் கூப்பிடுவார், வராவிட்டால் அவரிடம் விளக்கம் கேட்காதீர்கள்.