"சுமார்" என்ற சொல்லை யார் காப்பாற்றுவது?

குடும்ப வரலாற்றுப் பக்கங்களில் பெயர், பிறப்பு, பெற்றோர் எல்லாவற்றுக்கும் ஸ்கீமா.ஆர்க் குறியீடு (எது பெயர், எது தேதி என்று இயந்திரத்துக்குச் சொல்லும் அடையாளம்) போட்டால் போதும், தேடுபொறி புரிந்துகொள்ளும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் உண்மை.

என் கொள்ளுப்பாட்டி பிறந்தது 1890 வாக்கில். பக்கத்தில் "சுமார் 1890" என்றுதான் எழுதியிருந்தேன். குறியீட்டில் பிறந்த தேதிக்கான இடம் தேதி வடிவத்தையே எதிர்பார்க்கிறது, "சுமார்" என்று எழுத இடமில்லை. அதனால் 1890-01-01 என்று போட்டுவிட்டேன். பெரிய தப்பு. சில மாதங்களில் வேறொரு வம்சாவளித் தளத்தில் அவர் ஜனவரி 1ஆம் தேதி பிறந்தவராகிவிட்டார். படிக்கிறவருக்குத் தெரியும் "சுமார்", இயந்திரத்துக்குத் தெரியவில்லை. வெறும் 1890 என்று ஆண்டை மட்டும் கொடுத்திருக்கலாம், அதற்கு அனுமதி உண்டு.

வம்சாவளி விவரங்களை மென்பொருள்களுக்கிடையே பரிமாற 1984-லேயே வந்த ஜெட்காம் கோப்பு முறையில் "ஏறத்தாழ", "இதற்கு முன்", "இந்த இரண்டுக்கும் இடையில்" என்று சொல்ல வழி இருக்கிறது. பெற்ற பிள்ளையா, தத்துப் பிள்ளையா என்பதையும் குறிக்கலாம். ஸ்கீமாவில் "பெற்றோர்" என்று ஒரே சொல்தான். தேதிகளை எழுதும் முறைக்காக 2019-இல் வந்த ஐஎஸ்ஓ 8601-2 என்ற சர்வதேசத் தரத்தில் 1890~ என்று எழுதினால் தோராயம் என்று பொருள். அதை எத்தனை கருவிகள் படிக்கும் என்பது வேறு விஷயம்.

உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும் தயவுசெய்து இந்தக் குறியீடே வேண்டாம். அடையாளத்தைச் சரிபார்க்கக் கேட்கப்படும் தாயின் பிறப்புக் குடும்பப் பெயரையும் பிறந்த தேதியையும் நாமே வகை பிரித்து, தகவலை அள்ளிப் போகிறவன் கையில் கொடுத்தது போலாகும்.