கண்ணை மூடச் சொல்ல முதல்

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்ததைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் மூன்று நாள் பொறுத்தேன். வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள், பாதிப் பேர் கீழே கும்பிடுகிற கை வேறு போட்டிருக்கிறீர்கள். பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: யோகம் பற்றிப் பேச வந்த ஐயா ஒருவர், காணாமலாக்கப்பட்ட மகனின் படத்தோடு வந்து அழுத அம்மாவுக்கு எல்லாருக்கும் முன்னால் புத்தி சொன்னார். வீடியோவில் விழாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். நான் அப்போது பின் கதவடியில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு நின்றேன். "விவேகம் இருந்தா இப்பிடி அழ மாட்டீங்கள் அம்மா, பற்றுத்தான் உங்கட துன்பம்" என்று அந்த ஐயா மைக்கில் சொல்ல, சனம் கைதட்ட, அந்த அம்மா ஒன்றும் பேசாமல் மகனின் படத்தை சொப்பிங் பையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தார். சிப் இழுபடவில்லை. மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே கக்கத்துக்குள் இடுக்கிக்கொண்டார்.

விவேகம் தன்னைப் பார்க்கிறதுக்கு. அடுத்தவரை அளக்கிறதுக்கு இல்லை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், அலுப்பென்றால் இங்கேயே விட்டுவிடலாம்.

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில், இரண்டாம் பாதத்தில், அதாவது இரண்டாம் பகுதியில், விவேகக்கியாதி என்ற பிரித்தறிகிற தெளிவு வருகிறது. நிலையில்லாததை நிலையானதென்றும், அழுக்கைச் சுத்தமென்றும், துன்பத்தை இன்பமென்றும், நானல்லாததை நானென்றும் எடுப்பது அவித்தை, அறியாமை; அதைப் பிரித்துப் பார்க்கிற இடையறாத தெளிவு விவேகம். யோகத்தின் எட்டு உறுப்புகளையும் பழகப் பழக அழுக்குத் தேய்ந்து, அந்த வெளிச்சம் கூடிக்கொண்டு வரும் என்கிறார். ஒன்றரை மணி நேரத்தில் மைக் பிடித்தவர் கொடுக்க, கேட்டவர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற சாமான் இல்லை அது. எட்டில் முதலாவது இயமம், அதாவது செய்யக் கூடாததை விலக்குகிற ஒழுக்கம், இயமத்துக்குள் முதலாவது அகிம்சை. ஆசனம் மூன்றாவதாகத்தான் வருகிறது. நாங்கள் பாயை விரித்தவுடன் நேரே மூன்றாவதில் தொடங்கி, யோகா தினமான ஜூன் 21க்கு ஒரு படமும் போட்டுவிடுகிறோம்.

"அவர் உண்மையைத்தானே சொன்னவர்" என்று உள்பெட்டியில் வந்த தம்பிக்கு: இயமத்துக்குள் சத்தியம் இரண்டாவது. அகிம்சைக்குப் பிறகு. உயிர்களை நோகப் பண்ணுகிற பேச்சு உண்மை போலத் தெரிந்தாலும் உண்மையாகாது என்று அந்தச் சூத்திரத்துக்கே வியாசர் உரை சொல்கிறது. முதல் பாதத்தில் இன்னொன்றும் இருக்கிறது: சுகமாயிருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை, நல்லவரிடம் மகிழ்ச்சி, தீயவரிடம் பொருட்படுத்தாமை. ஐயா இரண்டாவதுக்குப் போட வேண்டியதை மாற்றி நாலாவதைப் போட்டுவிட்டார்.

"நீ என்ன பெரிய யோகியோ?" இல்லை. போர் முடிந்து அடைத்து வைத்த செட்டிகுளம் முகாமிலிருந்து வந்து தகரக் கொட்டிலில் இருந்த காலத்தில் எனக்கு நித்திரை கிடையாது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மூச்சுப் பயிற்சி பழக்க வந்தார். கண்ணை மூடச் சொன்னார். மூடினால் போரின் கடைசி மாதங்களில் நாங்கள் அகப்பட்ட மாத்தளன்தான் தெரிந்தது. இரண்டாம் நாளே, "ஐயா, ஏலாது" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "அப்ப மூடாதை, அந்த வாளியைப் பார்" என்றார். நீல வாளி, பிடி உடைந்து கம்பி கட்டியது. ஆறு மாதம் நான் வாளியைப் பார்த்துத்தான் மூச்சு விட்டேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

ஒருநாள் இரவு காவோலை ஒன்று, காய்ந்த பனையோலை, தகரத்தில் விழுந்தது. விழுந்த சத்தத்துக்கு நான் நிலத்தில் படுத்துவிட்டேன். பதுங்கு குழி எந்தப் பக்கம் என்று கை தடவுகிறது. அப்புறம் ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. இது காவோலை. மற்றது நினைவு. அவ்வளவுதான் நடந்தது. மனதின் ஐந்து விருத்திகளில், அதாவது அசைவுகளில், பிழையாக அறிவதை விபரியயம் என்றும், நினைவை ஸ்மிருதி என்றும் பதஞ்சலி தனித்தனியாக எண்ணி வைத்திருக்கிறார் என்பதைப் பிறகுதான் படித்தேன். எனக்குத் தெரிந்த விவேகம் அந்த இரண்டு மூச்சு இடைவெளிதான். அதையும் "பயப்படாதே" என்று மைக்கில் சொல்லி யாரும் எனக்குத் தரவில்லை.

அழுதுகொண்டே இருந்தால் உடம்பு கெடும், நல்லதுக்குத்தான் சொன்னார் என்கிறீர்கள். சரி, கெடும். அதற்கு?

யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமியின் "ஒரு பொல்லாப்பும் இல்லை"யை, ஒரு தீங்கும் இல்லை என்ற சொல்லை, வேறு அந்த ஐயா அன்றைக்கு இழுத்தார். சுவாமி எங்கட கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலையில் களஞ்சியம் பார்த்தவர், அதையெல்லாம் விட்டுவிட்டு நல்லூரில் தன் குரு செல்லப்பா சுவாமியின் காலடிக்குப் போய்த் தவம் கிடந்து எடுத்த சொல் அது. அவர் தனக்குள் கண்டதைத் தூக்கி, பிள்ளையைத் தேடுகிறவளின் வாயை அடைக்கிற துணியாக்கினால் பொல்லாப்பு இருக்கிறது ஐயா, நிறைய இருக்கிறது.

பற்றாம். அந்த அம்மா கேட்பது "என்ர பிள்ளையைத் தா" என்று மட்டுமா? 2017 பெப்ரவரி 20 கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டமாகக் குந்தின நாளிலிருந்து அவர்கள் கேட்பது "என்ன நடந்தது" என்று. எப்பொருள் எத்தன்மைத் தாயினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்பது அறிவு என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினோமே, அதைத்தான் அவர் வெயிலில் இருந்து கேட்கிறார். மெய்யை அறிய நிற்கிறவளிடம் அறியாமல் இரு, அதுதான் ஞானம் என்று சொன்னால், அந்த மண்டபத்தில் அவித்தை யாரிடம் இருந்தது?

பற்றறுப்பது பற்றிப் பேசி முடித்தவர், பொன்னாடை போர்த்தபோது படம் சரியாக விழவில்லை என்று கழற்றி இரண்டாம் தரம் போர்க்கச் சொன்னார். இதுவும் வீடியோவில் இல்லை.

என்னைச் சமய விரோதி என்று எழுதியவர்களுக்குப் பதில் எழுதப் போவதில்லை. விடிய நாலரைக்கு நான் எங்கே இருக்கிறேன் என்று என் வீட்டு வாளிக்குத் தெரியும். எனக்கு நோவது அவர் பேசினதும் இல்லை, அவர் வந்தவர், போய்விட்டார். கைதட்டினது நாங்கள். அதே அம்மாவோடு ஒரே தறப்பாளுக்குக் கீழே கஞ்சிக்கு வரிசையில் நின்ற நாங்கள்.

அப்புறம், சங்கத்தின் தேத்தண்ணிக் கோப்பை பன்னிரண்டு குறைகிறது. மாறி எடுத்துக்கொண்டு போனவர்கள் திருப்பித் தாருங்கள், நான்தான் கணக்குக் காட்ட வேண்டும்.