இராவணேசன் முதலில் மேடையேறியது அறுபதுகளின் நடுவில்

திருவிழாக்காலக் கூத்துகளைப் பற்றிய இந்த இழையில், ‘இராவணேசன்’ என்ற கூத்து நாடகம் இலங்கையின் கிழக்குப் பல்கலைக்கழகத்தில்தான் முதன்முதல் மேடையேறியது என்று ஒரு பதிவு வந்திருக்கிறது. நிறையப் பேர் பகிர்ந்தும் விட்டார்கள். கோபிக்க வேண்டாம் தம்பி, அது சரியில்லை.

இராவணேசன் முதலில் ஆடப்பட்டது அறுபதுகளின் நடுவில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில். சி. மௌனகுரு அப்போது அங்கே மாணவர். எழுதியவரும் அவர்தான், இராவணனாக ஆடியவரும் அவர்தான். தயாரித்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். வட்டக்களரி என்ற வட்டமான திறந்த களத்தில் விடியவிடிய ஆடும் வடமோடிக் கூத்தை ஓரிரு மணி நேர மேடைக்குச் சுருக்கிய வரிசையில் அது வந்தது. அதற்கு முன் 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம்.

கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலையில் பின்னாளில் ஆடியது மறுதயாரிப்பு. இப்போது கையில் கிடைக்கும் காணொளி அதுதான் என்பதால் குழப்பம் வந்திருக்கலாம், எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் கிழக்குப் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமானதே 1986இல்.

பார்க்க விரும்புகிறவர்கள் நூலகம் இணையத்தளத்தில் ‘இராவணேசன்’, ‘வித்தியானந்தன்’ என்று தேடிப் பாருங்கள். ஈழத்து நாடக வரலாறு பற்றிய பழைய கட்டுரைகளும் மலர்களும் அங்கே இலவசமாகக் கிடக்கின்றன. அறுபதுகளில் பேராதனையில் படித்த பெரியப்பா, மாமா யாராவது வீட்டில் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். மத்தளத்தின் தாளச் சொற்கட்டையே வாயால் சொல்லிக் காட்டுவார்கள்.

பதிவில் காலத்தையும் இடத்தையும் மட்டும் மாற்றிவிட்டால் போதும். படங்கள் அருமை, அவை அப்படியே இருக்கட்டும்.